மிச்சக் கம்பி

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று லேசாக ஆடுகிறது. ஒரு துண்டு அட்டை இருந்தால் மடித்து அடியில் கொடுத்துவிடுவேன். வேண்டாமென்றால் விடுங்கள். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது, தொழில் அப்படி.

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை சரியாக இருக்கிறது. நீங்கள் அவசரப்படுத்தாமல் கேட்கிறீர்கள், அதனால் நானும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். என்னிடம் ஒருவர் இப்படி எதிரே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

கார் சீட்டும் அதன் வயரிங்கும்தான் என் வேலை. டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். ஒரு கார் உள்ளே நிற்கும், அடுத்தது வெளியே வெயிலில் காயும். சீட்டைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. நாலு போல்ட், கொஞ்சம் இடுப்பு வலி, அவ்வளவுதான். சூடாகும் சீட்டை எடுத்துவிட்டுச் சாதா சீட்டைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டுக்கு வந்துகொண்டிருந்த கம்பிகளில் சில புதிய சீட்டுக்கும் வேண்டியிருக்கும். பெல்ட்டுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு மஞ்சள் முனையோடு ஒன்று. அவற்றை மாட்டிவிடலாம். சூடு கொடுத்துக்கொண்டிருந்த கம்பிக்கு மட்டும் போக்கிடம் இருக்காது. தரைவிரிப்பின் மேல் சும்மா கிடக்கும். சும்மா கிடந்தாலும் உயிரில்லாத கம்பி இல்லை அது. சாவியைத் திருப்பினால் நுனிவரை மின்சாரம் வந்து, கொடுக்க ஆளில்லாமல் நிற்கும். அதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பாவமாக இருக்கும்.

முறைப்படி அதை வேரிலேயே வெட்ட வேண்டும். டாஷ்போர்டு முன்பலகையைக் கழற்றி, கம்பி பிரிகிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே துண்டித்து மூடிவிட வேண்டும். முதுகை ஒடிக்கிற வேலை. பலபேர் நுனியில் டேப்பைச் சுற்றி, சீட்டுக்கு அடியில் கட்டிவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். சாதாரணமாக அதனால் ஒன்றும் ஆகாது. ஒருவர் தன் சீட்டை ஒருமுறை தன் காலுக்கு ஏற்ப நகர்த்தி வைத்துக்கொண்டால் அப்புறம் அதைத் தொடவே மாட்டார்.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். மாடியில் அண்ணன் குடும்பம், கீழே ஒரு அறையில் நான். அண்ணன் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஃப்யூஸ் சித்தப்பா. விளக்கு அணைந்தால் படியில் திபுதிபுவென்று காலடி கேட்கும். "சித்தப்பா, இருக்கீங்களா?" நான் எங்கே போகப்போகிறேன். சரிசெய்து கொடுத்ததும் "தேங்க்ஸ் சித்தப்பா" என்று கதவு சாத்திக்கொள்ளும். கடைக்குட்டியின் பிறந்தநாளுக்கு வண்ண விளக்குத் தோரணம் கட்டக் கூப்பிட்டார்கள். கட்டி முடித்து, வாசலில் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே எல்லோரும் சேர்ந்து கைதட்டும் சத்தம் கேட்டது. பிறகு எனக்கு ஒரு தட்டில் கேக் கீழே வந்தது. மறந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் நல்லவர்கள். கெட்டுப்போன பொருளோடு வருகிறவர்களுக்குத்தான் என் ஞாபகம் இருக்கும் என்பதை நான் அன்றைக்கே ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

சரி, அந்தக் கணவனும் மனைவியும் வந்த கதைக்கு வருகிறேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் சோதித்து, லென்ஸ் பொருத்திக் கொடுப்பவர். அதிகம் பேச மாட்டார். மனைவிக்கு மாடிப்படியில் விழுந்ததில் முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நான் அவளைத் தங்கச்சி என்றுதான் சொல்வேன். நேரில் வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறேன், மரியாதை குறைத்ததில்லை. மனதுக்குள் மட்டும் அவள் இவள் என்று வந்துவிடும். சொந்தத் தங்கச்சியை யாராவது அவர் இவர் என்பார்களா?

குளிர்காலத்தில் ஒருநாள் அவர் அவளுடைய சீட்டின் சூட்டை அணைக்க மறந்திருக்கிறார். நெடுந்தூரப் பயணம். தொடை கொப்பளித்துப்போனது அவளுக்குத் தெரியவே இல்லை. இரவு உடை மாற்றும்போதுதான் பார்த்திருக்கிறார்கள். அதை என்னிடம் சொன்னபோதும் சிரித்தாள்.

"ஒரு பக்கம் நல்லா வெந்துட்டேன்ண்ணே. திருப்பிப் போடத்தான் ஆளில்ல."

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்தச் சீட்டே வேணாங்க. சூடே ஆகாத சீட்டாப் போடுங்க" என்றார்.

"இனிமே சூடுங்கிற பேச்சே இருக்காதும்மா. நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஏர்பேக் முனையை நீங்கள் ஆளை வைத்துச் சோதித்திருப்பீர்கள். கச்சிதமாக மாட்டியிருக்கும். பாதுகாப்பு விஷயத்தில் நான் விளையாடுகிறவன் இல்லை.

மிச்சக் கம்பியை டேப் சுற்றிக் கட்டினேன். அந்தக் காரில் சூட்டுக் கம்பிக்கும் ரேடியோவுக்கும் ஒரே ஃப்யூஸ். ஃப்யூஸைப் பிடுங்கிப்போட்டால் கம்பி செத்துவிடும், ஆனால் ரேடியோவும் ஊமையாகிவிடும். அவளுக்கோ ரேடியோ இல்லாமல் ஆகாது. முன்பலகையைக் கழற்ற எனக்கு அன்றைக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. அந்த ஒரு சோம்பலை மட்டும் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. அவளைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி உட்கார வைக்க ஒவ்வொரு முறையும் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ள வேண்டும், அப்புறம் முன்னால் இழுக்க வேண்டும். எல்லார் சீட்டும் ஒரே இடத்தில் நிற்கும். அவள் சீட் மட்டும் நாளெல்லாம் போய்வந்துகொண்டிருந்தது. டேப் தேய்ந்து, கம்பி சீட்டின் இரும்புத் தண்டவாளத்தில் பட்டு, ஃப்யூஸ் போய்விட்டது. ரேடியோ நின்றது.

அவர்கள் திரும்பி வந்தார்கள்.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். மழை பிடித்துக்கொண்டது. கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு அவருடைய கடை விஷயமாகப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார். அவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள், கதவு திறந்திருந்தது. நான் அவள் காலடியில் குனிந்து டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். ரேடியோ உயிர் பெற்றதும் மதிய நேரத்து வினாடி வினா ஓடியது. கேள்வி கேட்பவர் முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். தப்பாகச் சொன்னால் "அவங்க கிட்ட இருக்கிற பதில்தான் தப்பு" என்பாள். நானும் ஒன்றுக்குப் பதில் சொன்னேன். சரியாக இருந்தது. அவள் கைதட்டினாள்.

"அண்ணே, மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. அவள் பையிலிருந்து ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் எடுத்து நீட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கவிழ்த்துப் போட்ட டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, ஐயா. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அவர்கள் போன பிறகு ஷெட் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. டின்னை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தேன்.

அன்றைக்கு நான் டேப்பை ஒழுங்காகத்தான் சுற்றினேனா என்று கேட்பீர்கள். சுற்றினேன். ஆனால் ஒரு சுற்று குறைவாக இருந்திருக்கலாம். கை அப்படிப் போயிற்று. வேண்டுமென்று செய்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

ரேடியோ மறுபடி நின்றது, மறுபடி வந்தார்கள். அந்த முறை தெரிந்தேதான் செய்தேன். கம்பியின் நுனியை எங்கே வைத்தால் எப்போது தேயும் என்று எனக்குக் கைவந்துவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? ஃப்யூஸ் என்பது கால்விரல் நகம் அளவுக்கு ஒரு சாமான். போனால் புதிது. நான் கூலி என்று ஒன்றும் வாங்கவில்லை. அவளுக்கும் நாலு சுவரை விட்டு வெளியே வந்த மாதிரி ஆயிற்று. அவளே சொல்லியிருக்கிறாள், வீட்டில் பகலெல்லாம் தனியாக இருப்பது பெரிய தண்டனை என்று. எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி, மருந்து என் கையில் இருந்தது.

ஷெட்டில் ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டேன், கணவர் உட்கார. சின்ன அடுப்பு ஒன்று, தேநீர் போட. டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கிண்டல் செய்தார். நான் சிரித்துவைத்தேன்.

அதற்கடுத்த முறை வந்தபோது கணவருக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கத்துகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கடையைப் பூட்டிட்டுப் பூட்டிட்டு வர முடியல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டியையே வித்துத் தள்ளிடலாம்னு இருக்கேன்."

"சும்மா இருங்க, அண்ணன் என்ன வேணும்னேவா பண்றாரு?" என்றாள் அவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கணவர் டிக்கியில் சக்கர நாற்காலியை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, நாங்க சும்மாவே வருவோம். ரேடியோ போனாத்தான் வரணும்னு இல்ல. ஒரு ஃபோன் பண்ணுங்க, வந்து டீ குடிச்சிட்டுப் போறோம்."

நல்ல மனசு. ஆனால் சும்மா வருகிறேன் என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணன் சொன்னார், "மேல வாடா, ஒண்ணாச் சாப்பிடலாம்" என்று. அண்ணி சொன்னாள். கூட வேலை பார்த்து வேறு ஊருக்குப் போனவர்கள் சொன்னார்கள். சொல்லும்போது யாரும் பொய் சொல்வதில்லை. ஃப்யூஸ் போனால் வந்தே தீர வேண்டும், அந்த மாதிரி ஒரு உறுதியை மனிதர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

அதே சமயம், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு அடிக்கடி வருவது கஷ்டம்தான். அடுத்தவர் கஷ்டத்தை யோசிக்காதவன் இல்லை நான். அதனால்தான் அந்தப் பெரிய ஃப்யூஸைப் போட்டேன். உங்கள் மேசைமேல் அந்தப் பையில் இருக்கிறதே, அதேதான். பழையது கம்பி லேசாக உரசினாலே போய்விடும். இது தாங்கும். அவ்வப்போது உரசினாலும் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், கம்பி நன்றாகப் பட்டுக் கொஞ்ச நேரம் ஆனால்தான் போகும். அவர்கள் வருவது குறையும், ஆனால் நிற்காது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஃப்யூஸ் போகவில்லை என்றால் சூடெல்லாம் கம்பிக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியுமா என்று நேற்று உங்கள் ஆள் கேட்டார். தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். அதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நினைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் நினைக்காமல் இருந்துவிடலாம், அதுவும் ஒரு கைப்பழக்கம்.

நாட்கள் போயின. அவர்கள் வரவில்லை. பெரிய ஃப்யூஸ் அளவுக்கு மீறி நன்றாக உழைத்தது. அவள் சொன்னபடி ஃபோன் செய்து பார்க்கலாமா என்று எண்ணை எடுத்து வைத்துக்கொள்வேன். செய்து, அவள் "இந்த வாரம் முடியாதுண்ணே" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அப்படியே வைத்துவிடுவேன்.

பிறகு அந்த மதியம். நான் ஒரு வேனின் பின்சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. அவள் பெயர். ஊசியைக் குத்திய இடத்திலேயே விட்டுவிட்டு எடுத்தேன்.

"அண்ணே, நான்தான். இவரு லென்ஸ் வாங்க உள்ள போயிருக்காரு. ஃபோனை வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டாரு. இங்க என்னவோ கருகுற மாதிரி வாசனை வருது. வெளியிலயா உள்ளயான்னு தெரியல."

"வண்டி எங்க நிக்குதும்மா?"

"கடைக்குப் பின்னாடி சந்துல. ஆள் நடமாட்டமே இல்ல."

"ரேடியோ பாடுதா?"

"பாடுது. வினாடி வினாதான். நாலு கேள்வியும் தப்பு."

இந்த இடத்தை நீங்கள் நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ரேடியோ பாடுகிறது என்றால் ஃப்யூஸ் போகவில்லை. ஃப்யூஸ் போகாமல் கருகும் வாசனை வருகிறது என்றால் அவள் காலடியில் கம்பி பழுத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குக் கால் சுடாது. சுட்டாலும் தெரியாது. இவ்வளவும் அவள் "பாடுது" என்று சொன்ன அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கைக்கெட்டும் தூரத்தில் சாவி இருந்தது. "சாவியைத் திருப்பி அணைச்சிடுங்க, ஹார்னை அடிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

சொன்னால் ஏன் என்று கேட்பாள். பிறகு கணவர் கேட்பார். வேறு யாராவது மெக்கானிக் வந்து சீட்டைத் தூக்கிப் பார்ப்பான். பெரிய ஃப்யூஸைப் பார்ப்பான். அதோடு முடிந்தது. அவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். அந்த ஒரு மூச்சுக்குள் நான் இவ்வளவையும் பார்த்துவிட்டேன்.

"புது சீட்டு வாசனையா இருக்கும்மா. வெயிலுக்கு அப்படித்தான் வரும். சாயங்காலம் அப்படியே இங்க கொண்டு வந்துடுங்க, பாத்துடலாம்" என்று சொன்னேன்.

"பயப்பட ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமே இல்ல. கண்ணாடியை இறக்கி விட்டுக்குங்க."

"சரிண்ணே. நீங்க சொன்னாச் சரி. அப்ப சாயங்காலம் வரோம்."

ஆமாம், நான்தான் செய்தேன். கம்பியை உரசும்படி வைத்ததும் நான், ஃப்யூஸை மாற்றியதும் நான், அவளை அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொன்னதும் நான். கணவருக்கு ஒன்றும் தெரியாது. எரிகிற கதவை வெறுங்கையால் இழுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கண் சோதிக்கிற கை, அது குணமாக வேண்டும். அவரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம்.

ஃபோனை வைத்ததும் நான் என்ன செய்தேன் என்றால், ஷெட்டைக் கூட்டினேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். டின்னை அவள் பக்கத்துக் கதவு வந்து நிற்கிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்தேன். பால் வாங்கக் கடைக்கு ஓடினேன். ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கினேன், இந்த முறை நான் கொடுக்கலாமே என்று. அவசரத்தில் ஃபோனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் திரை முழுக்க அவள் பெயர். ஒன்றன்கீழ் ஒன்றாக, விட்டுப்போன அழைப்புகள். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஃபோன் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் போகட்டும், அந்த அழைப்புகளை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. என்னை இத்தனை தடவை யாரும் கூப்பிட்டதில்லை.